‘வைரஸ்’: செக் மொழியில் ‘உஸ்’ உதிர்கிறது, லாட்விய மொழியில் ஏன் உதிர்வதில்லை?

லேபிள்காரன் எழுதியது:

வணக்கம். செக் நாட்டில் ப்ர்னோ நகரத்தில், லேபிள் அச்சடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். லேஅவுட் பார்ப்பதும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை. செக் மொழி பேசுவேன், படிப்பேன். லாட்விய மொழி தெரியாது. லேபிள்களில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சில வரிகள் பழக்கம், அவ்வளவுதான். கீழே வரும் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். இந்தக் கேள்வியே குறில் நெடில் சம்பந்தப்பட்டது, அதை நம் எழுத்து தெளிவாகக் காட்டிவிடும்.

போன வாரம் கைக்குத் தடவும் கிருமிநாசினி ஒன்றுக்கு லேபிள் வந்தது. ஐந்து லிட்டர் கேன். லேபிள் விசிறி மாதிரி மடிந்திருக்கும், பிரித்தால் உள்ளே ஆறு மொழி. செக் பக்கத்தில் ‘ப்ரொத்தி பக்டெரியீம் அ விரூம்’ என்று ஒரு வரி. பாக்டீரியாக்களுக்கும் வைரஸ்களுக்கும் எதிராக வேலை செய்யும் என்று பொருள். லாட்வியப் பக்கத்தில் அதே வரி ‘ப்ரெட் பக்டேரியாம் உன் வீருஸியெம்’. இந்த லாட்விய வரி பெட்டிக்குள் அடங்காமல் இரண்டு எழுத்து வெளியே நின்றது.

எங்கே குறைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ‘வீருஸியெம்’ கண்ணில் பட்டது. செக் மொழியில் ‘விருஸ்’ ஒருமையில் எழுவாயாகவோ இரண்டாம் வேற்றுமையிலோ நிற்கும்போது மட்டும்தான் முழுசாக இருக்கும். மற்ற வேற்றுமை ஏறியதும் ‘உஸ்’ உதிர்ந்துவிடும்: வைரஸின் என்பது ‘விரு’, வைரஸால் என்பது ‘விரெம்’, வைரஸ்களுக்கு என்பது ‘விரூம்’. 2020-இல் எங்கள் ஊர்ச் செய்தித்தாள் முழுக்க ‘கொரோனாவிரு, கொரோனாவிரு’ என்றுதான் இருந்தது. நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் காய்ச்சல் என்று போனபோது டாக்டர் சொன்ன வார்த்தையும் ‘விரோஸா’. அதிலும் ‘உஸ்’ கிடையாது. ஆக, வேர் ‘விர்’, ‘உஸ்’ என்பது லத்தீன் வால் என்று என் மனதில் பதிந்துபோயிருந்தது.

லாட்விய லேபிள்களில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வரி உண்டு: ‘ஸர்காட் நுவ பேர்னியெம்’. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ‘பேர்ன்ஸ்’ என்றால் குழந்தை, பன்மையில் ‘பேர்னியெம்’. எனவே ‘இயெம்’ பன்மை விகுதி என்று தெரியும். மொழிபெயர்ப்பாளர் லத்தீன் வாலை வெட்ட மறந்துவிட்டார் என்று நினைத்து, ‘வீருஸியெம்’ என்பதை ‘வீரியெம்’ என்று மாற்றினேன். வரியும் பெட்டிக்குள் அடங்கியது. மாற்றத்தைக் குறித்து பிடிஎஃப்பை அவருக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. லாட்விய மொழியில் ‘வீர்ஸ்’ என்றால் ஆண்பிள்ளை, கணவன். ‘வீரியெம்’ என்றால் ஆண்களுக்கு. நான் திருத்திய வரியின் பொருள்: பாக்டீரியாக்களுக்கும் ஆண்களுக்கும் எதிராக.

அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒப்புதலுக்கு அனுப்பாமல் நேராக அச்சுத் தட்டுக்கு விட்டிருந்தால் நாலாயிரம் லேபிள் அப்படியே வெளியே போயிருக்கும். தெரியாத மொழியில் கை வைத்தது என் தவறு. அதைத் தெரிந்துகொண்டே திருத்திக்கொள்ள நினைக்கிறேன்.

ஒரே லத்தீன் சொல்லை செக் மொழி வால் வெட்டி வைத்துக்கொள்கிறது, லாட்விய மொழி வாலோடு வைத்துக்கொண்டு அதற்கு மேல் இன்னொரு வாலும் ஒட்டுகிறது. ஏன்? அகராதியில் பார்த்தால் எழுவாய் ‘வீருஸ்ஸ்’, கடைசியில் இரண்டு ஸ். ஆனால் லாட்விய இருமல் மருந்து லேபிளில் இருமலுக்கு ‘க்லெபுஸ்’ என்று ஒரே ஸ்தான் இருக்கிறது. அதுவும் ‘உஸ்’, இதுவும் ‘உஸ்’. ஏன் இந்த வித்தியாசம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரீகா மாணவி எழுதியது:

அண்ணா, நான் ரீகாவில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் நோயாளிகளிடம் பேச லாட்விய மொழி கட்டாயம். உங்கள் இரட்டை ஸ்-இல் நானும் மாட்டியிருக்கிறேன், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

லாட்விய மொழியில் ஆண்பால் பெயர்ச்சொல் எதுவாக இருந்தாலும் எழுவாயில் பெரும்பாலும் ஒரு ஸ் ஒட்டவேண்டும். அது சட்டை மாதிரி, போடாமல் வெளியே வர முடியாது. மனிதர் பெயரையும் விடமாட்டார்கள். நியூட்டன் இங்கே ‘ஞூடொன்ஸ்’, பாஸ்டர் ‘பஸ்டேர்ஸ்’. ‘விருஸ்’ என்ற சொல் வந்தபோது அதன் ‘உஸ்’ஸை விகுதியாகப் பார்க்காமல் முழுவதையும் அடிச்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். அடிச்சொல் ‘வீருஸ்’, அதன்மேல் இந்த ஊர் ஸ். ஆக ‘வீருஸ்ஸ்’. முதல் ஸ் லத்தீனுடையது, இரண்டாவது லாட்வியருடையது. வேற்றுமை வரும்போது உதிர்வது இரண்டாவது மட்டும்: வைரஸின் ‘வீருஸ’, வைரஸுக்கு ‘வீருஸம்’, வைரஸ்கள் ‘வீருஸி’.

இதே வரிசையில் ‘ப்லுஸ்ஸ்’, ‘மீனுஸ்ஸ்’, ‘கொர்புஸ்ஸ்’, ‘ஸ்டடுஸ்ஸ்’, ‘அவ்டொபுஸ்ஸ்’ எல்லாம் உண்டு. நான் தினமும் ஏறும் பஸ்ஸின் பெயரே இரட்டை ஸ்.

‘க்லெபுஸ்’ வேறு வீட்டுப் பிள்ளை. அது இந்த மொழியின் சொந்தச் சொல். ‘உஸ்’ என்பதே விகுதியாக இருக்கும் பழைய வகுப்பு ஒன்று இருக்கிறது: பீர் ‘அலுஸ்’, தேன் ‘மெடுஸ்’, பனிக்கட்டி ‘லெடுஸ்’, சந்தை ‘டிர்குஸ்’, இருமல் ‘க்லெபுஸ்’. இவற்றில் எழுவாயும் ஆறாம் வேற்றுமையும் ஒன்றே. இருமல் என்பதும் ‘க்லெபுஸ்’, இருமலின் என்பதும் ‘க்லெபுஸ்’. மிகச் சின்ன வகுப்பு. வெளியிலிருந்து வரும் சொற்களை இந்த வீட்டில் சேர்ப்பதில்லை, பக்கத்துப் பெரிய வீட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

நான் மாட்டிய கதை: நுண்ணுயிரியல் சொற்களுக்கான தேர்வில் ஒரே ஸ் போட்டு ‘வீருஸ்’ என்று எழுதிவிட்டேன். ஆசிரியை அதைச் சுழித்து, பக்கத்தில் இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். ‘ரெட்ஸு வீருஸ்’: ஆண்களைப் பார்க்கிறேன். ‘ரெட்ஸு வீருஸுஸ்’: வைரஸ்களைப் பார்க்கிறேன். ‘வீர்ஸ்’ என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமைப் பன்மை அச்சு அசலாக ‘வீருஸ்’. அதாவது லத்தீன் எழுத்துக்கூட்டலை நெடில் குறியோடு அப்படியே எழுதினால், லாட்வியருக்கு அது ‘ஆண்களை’ என்றுதான் படிக்கும். அந்த இரண்டாவது ஸ் இல்லாவிட்டால் சொல்லே மாறிவிடுகிறது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நெடில் குறிக்கு இங்கே ‘கருமஸீமே’ என்று பெயர். நீள அடையாளம். எழுத்தின் தலையில் ஒரு படுக்கைக் கோடு. லேபிள் ஃபான்ட்டில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.

---

பழைய இலக்கணம் எழுதியது:

பிராகாவில் பதினொரு வருடமாக மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறேன், கல்லூரியில் லத்தீன் படித்தேன். ரீகா தங்கை சொன்னது அழகான விளக்கம். ஒரே ஒரு இடத்தில் சேர்த்துச் சொல்லவேண்டும்: லாட்விய மொழி எப்போதும் ‘உஸ்’ஸை வைத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொண்டால் மறுபடியும் சிக்கல் வரும். சர்க்கஸ் லாட்விய மொழியில் ‘ட்ஸிர்க்ஸ்’. வால் போய்விட்டது. தாளம் ‘ரிட்ம்ஸ்’, சுழற்சி ‘ட்ஸிக்ல்ஸ்’, இவற்றிலும் போய்விட்டது. செக் மொழியில் நேர்மாறான கதை. சர்க்கஸ் ‘ட்ஸிர்குஸ்’, சர்க்கஸின் என்பது ‘ட்ஸிர்குஸு’. ‘உஸ்’ அப்படியே இருக்கிறது! ஆனால் தாளம் ‘ரிட்முஸ்’, தாளத்தின் என்பது ‘ரிட்மு’. வைரஸில் செக் வெட்டுகிறது, லாட்வியன் வைத்துக்கொள்கிறது என்று எதிரெதிரே நிற்கிறார்கள். நண்பர் சரியாக அந்தச் சொல்லில் போய் இடித்துக்கொண்டார்.

செக் இலக்கணம் பார்ப்பது இதைத்தான்: பேசுகிறவன் காதுக்கு ‘உஸ்’ வால் என்று படுகிறதா, உடம்பு என்று படுகிறதா? படிப்பாளிகள் வழியாக வந்த சொற்களில் லத்தீன் எழுவாய் விகுதி என்ற உணர்வு இருந்தது, வெட்டினார்கள். சர்க்கஸும் பஸ்ஸும் தெருவுக்கு வந்துவிட்ட சொற்கள், அவற்றில் ‘உஸ்’ உடம்போடு சேர்ந்துவிட்டது. பஸ்ஸில் இருப்பது லத்தீன் எழுவாய் விகுதியே இல்லை. ‘ஒம்னிபுஸ்’ என்றால் எல்லோருக்கும் என்று பொருள், நான்காம் வேற்றுமைப் பன்மை. அதன் வாலை மட்டும் கிள்ளி எடுத்ததுதான் பஸ். ஒரு வேற்றுமை உருபு ஐரோப்பா முழுக்கத் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

நண்பர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். செக் மொழியில் ‘வி’ குறில். அங்கே நெடில் குறி ‘சார்க்கா’, எழுத்தின் தலையில் சாய்ந்த சின்னக் கோடு. அதைத் தவறிப்போய் வைத்தால் ‘விரு’ என்பது ‘வீரு’ ஆகும். ‘வீர்’ என்றால் சுழல், நீர்ச்சுழி, ‘வீரு’ சுழலின். ‘வீரா’ என்றால் நம்பிக்கை, கடவுள் நம்பிக்கை. நம்பிக்கையை என்பதும் ‘வீரு’. வைரஸின், சுழலின், நம்பிக்கையை: மூன்றுக்கும் நடுவில் ஒரு கோடுதான். நம் பள்ளியில் ‘வி’க்கு மேல்விலங்கு, ‘வீ’க்கு அதைச் சுழிக்கவேண்டும் என்று ஆசிரியர் கையைப் பிடித்து எழுதவைப்பாரே, அந்தக் கவனம்தான் வேண்டும்.

இப்போது லத்தீனுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. லத்தீனில் ‘வீருஸ்’ என்றால் நஞ்சு, பிசுபிசுப்பான திரவம். முதல் உயிர் நெடில். லாட்வியர் நெடிலைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், செக்கில் குறுகிவிட்டது. ‘உஸ்’ஸில் முடிந்தாலும் லத்தீனில் அது ஆண்பால் இல்லை, அஃறிணைப் பால் மாதிரியான நடுப்பால். பழைய லத்தீன் நூல்களில் அதற்குப் பன்மையே வராது. நஞ்சைத் தண்ணீர் மாதிரி எண்ணாமல் அளந்தார்கள். அதன் ஆறாம் வேற்றுமை ‘வீரீ’. ஆண்பிள்ளைக்கு லத்தீன் சொல் ‘விர்’, குறில். அதன் ஆறாம் வேற்றுமை ‘விரீ’. நஞ்சின் என்பதும் ஆணின் என்பதும் ரோமிலேயே ஒரு குறில் நெடில் தூரத்தில்தான் இருந்தன, ரோமர்கள் சாதாரணமாக நெடில் குறி போட்டு எழுதுவதும் இல்லை. உங்கள் லேபிளில் நடந்த குழப்பத்துக்கு வயது இரண்டாயிரம்.

இந்த இரண்டு சொற்களுக்கும் நம் வீட்டிலேயே உறவு இருக்கிறது. லத்தீன் ‘வீருஸ்’ஸும் சமஸ்கிருத ‘விஷ’வும் ஒரே இந்தோ ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்தவை. லாட்விய ‘வீர்ஸ்’, லத்தீன் ‘விர்’, சமஸ்கிருத ‘வீர’ மூன்றும் இன்னொரு மூலத்துப் பிள்ளைகள். தமிழுக்கு இரண்டும் சமஸ்கிருதம் வழியாக வந்துவிட்டன: விஷம், வீரன். விஷத்தை ‘விடம்’ என்று நம் ஒலிக்கு மாற்றி, விடமுண்ட கண்டன் என்று சிவனைப் பாடியும்விட்டோம். அதாவது லேபிளில் நீங்கள் விஷத்தை எடுத்துவிட்டு வீரனை வைத்திருக்கிறீர்கள். ‘நச்சுயிரி’ என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் லத்தீன் பொருளையே பிடித்திருக்கிறார்கள்.

செக்காரர்களும் லாட்வியர்களும் இதைத் தங்கள் மொழியில் பெயர்த்திருக்கலாமே என்று தோன்றும். ஆக்சிஜனை இருவருமே பெயர்த்தார்கள். செக்கில் ‘கிஸ்லீக்’, லாட்விய மொழியில் ‘ஸ்காபெக்லிஸ்’. இரண்டிலும் புளிப்பு என்ற சொல் உள்ளே இருக்கிறது. செக்கில் அப்படிச் சொல் படைத்தவர்களில் முக்கியமானவர் யான் ஸ்வடொப்லுக் ப்ரெஸ்ல், பிராகாவில் பேராசிரியர், 1849-இல் காலமானார். வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் அவர் உருவாக்கிய பெயர்கள் இன்றும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கின்றன. வைரஸ் என்ற சொல் இன்றைய பொருளுக்கு வந்தது அந்தத் தலைமுறை போய் அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அதற்குள் உலகம் முழுக்க ஒரே சொல்லாகப் பரவும் வழக்கம் வந்துவிட்டது. ப்ரெஸ்ல் கையில் கிடைத்திருந்தால் இன்று செக்காரர்கள் வேறு சொல் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

---

நுண்ணுயிர் எழுதியது:

அந்த அரை நூற்றாண்டில் நடந்ததை மட்டும் சேர்க்கிறேன், ஆய்வகத்தில் இருப்பவன் என்பதால். 1892-இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி, தேமல் நோய் வந்த புகையிலைச் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டி அது. வடிந்த சாற்றைத் தடவியும் நல்ல இலைக்கு நோய் வந்தது. 1898-இல் நெதர்லாந்தில் பெய்ஜெரிங்க் அதையே மறுபடி செய்து பார்த்து, இது பாக்டீரியா இல்லை, கரைந்து நிற்கும் உயிருள்ள தொற்று என்று முடிவுக்கு வந்து, ‘விருஸ்’ என்ற சொல்லை அதற்கு வைத்தார். நச்சுத் திரவம் என்ற பழைய பொருள் அன்றைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அது திரவம் இல்லை, துகள் என்று தெரிந்தது பின்னால். பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

---

லேபிள்காரன் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ‘வீருஸ்ஸ்’ஸில் முதல் ஸ் யாருடையது, இரண்டாவது யாருடையது என்று ரீகா தங்கை பிரித்துக் காட்டியதும் எனக்கு எல்லாம் தெளிந்தது. லேஅவுட்டில் லேயர் பார்க்கிறவனுக்கு இப்படிச் சொன்னால்தான் புரியும்.

லேபிளைச் சரி செய்துவிட்டேன். ‘வீருஸியெம்’ பழைய இடத்திலேயே இருக்கிறது. சொல்லைக் குறைக்காமல் வரியை ‘உன்’னுக்கு முன்னால் உடைத்து இரண்டு வரியாக்கினேன், பெட்டி கொஞ்சம் உயர்ந்தது, கீழே இருந்த பார்கோடை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினேன். முதலிலேயே இதைச் செய்திருக்கவேண்டும். அப்புறம் நானூறு சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு கருமஸீமேயையும் ஒவ்வொரு சார்க்காவையும் எண்ணினேன். லாட்வியப் பக்கத்தில் ஒரு இடத்தில் கோடு இல்லாமல் வெறும் ‘இ’ நின்றது. ஃபான்ட் மாற்றும்போது விழுந்திருக்கிறது. தங்கை சொல்லாவிட்டால் பார்த்திருக்க மாட்டேன்.

ஐயா சொன்ன விஷம், வீரன் உறவை மொழிபெயர்ப்பாளரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘மெடுஸ்’ஸுக்கும் உங்கள் மொழியில் உறவு உண்டா என்று கேட்டார். தேன். மது இருக்கிறது என்றேன். செக்கில் ‘மெட்’ என்று அவரே சொன்னார்.

வியாழக்கிழமை லேபிள் தட்டுக்குப் போனது. இன்று காலை அதே வாடிக்கையாளரிடமிருந்து அடுத்த ஃபைல், யூகலிப்டஸ் வாசனையுள்ள சோப்பு. செக் வரியில் ‘எவ்கலிப்டுஸ்’. லாட்விய வரி இன்னும் வரவில்லை. போனவாரம் மாதிரி இருந்தால் ‘டுஸ்ஸ்’ என்று இரண்டு ஸ் போட்டு இடம் ஒதுக்கியிருப்பேன். இந்தத் தடவை அவரிடமே கேட்டேன். பதில் வந்தது: ‘எய்கலிப்ட்ஸ்’. இங்கே லாட்வியர்களும் வாலை வெட்டியிருக்கிறார்கள்.